பதினேழாவது சாக்கு

"பந்தயத்துல முதல் ஆளா இறங்கப் போறது நம்ம மாப்பிள்ளைதான்!"

ஸ்பீக்கர் போனில் மாமனார் ஆர்லனின் குரல் முழங்கியபோது, வெண்டெல் ப்ரைஸ் ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கத்தி அந்தரத்தில் நின்றது.

"என்ன பந்தயம், மாமா?"

"என் எழுபதாவது பிறந்தநாள் பந்தயம்! பிப்ரவரி லீவுக்கு எல்லாரும் மலையில நம்ம மரவீட்டுக்கு வர்றீங்க இல்ல? சனிக்கிழமை காலையில ஹாரோ மலை உச்சியிலேர்ந்து அடிவாரம் வரைக்கும் ஸ்கீ பந்தயம். கோப்பைக்குக்கூட சொல்லியாச்சு. காலேஜ் டீம்ல பறந்த ஆளு நீங்க. நீங்கதான் முதல்ல இறங்கி எங்களுக்கு வழி காட்டணும்."

"அந்த வாரம் எனக்கு உடம்பு ஒருவேளை..."

"அதுக்கென்ன? தேறுற வரைக்கும் காத்திருக்கோம். லீவு ஒரு வாரம் இருக்கே! ஞாயிறு, திங்கள், செவ்வாய், என்னைக்குத் தோதோ அன்னைக்கு வெச்சுக்கலாம். நீங்க இல்லாம பந்தயம் கிடையாது, மாப்பிள்ளை. இது சத்தியம்."

போன் வைக்கப்பட்டது. எதிரே மனைவி மார்னி காப்பியை உறிஞ்சியபடி பெருமிதமாகப் பார்த்தாள். வெண்டெல் ரொட்டியைத் தின்னாமல் கீழே வைத்தான்.

அவனுக்கு ஸ்கீ தெரியாது. கொஞ்சம் தெரியும், அரைகுறையாகத் தெரியும் என்ற பேச்சே இல்லை. தெரியாது. இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, தலை தெறிக்க மலையிலிருந்து இறங்குவதை ஒரு நோயாகவே கருதுபவன் அவன்.

எல்லாம் ஒரு சட்டையால் வந்த வினை. கல்லூரி நாட்களில், பழைய துணிக் கடையில் நீலநிற ஜாக்கெட் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினான். ஜிப் நன்றாக வேலை செய்தது என்பதுதான் காரணம். முதுகில் கல்லூரி ஸ்கீ அணியின் பெயர் தைத்திருந்தது. ஒரு விருந்தில் மார்னி அதைப் பார்த்துவிட்டு, "நீ ஸ்கீ டீமா?" என்று கண்களை விரித்துக் கேட்டாள். வெண்டெல் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்த்து, பழைய காயம் ஒன்றை நினைத்துக்கொண்டவன் போலப் புன்னகைத்தான். அந்தப் புன்னகைக்குத்தான் அவள் மோதிர விரலை நீட்டினாள்.

மார்னியின் குடும்பமோ வெர்மான்ட் மலைக்காரர்கள். நடக்கக் கற்குமுன் சறுக்கக் கற்றவர்கள். கல்யாணமான முதல் குளிர்காலத்தில், அவர்கள் கண்முன்னால் வெண்டெல் வலதுகால் பூட்ஸில் இடதுகாலைத் திணித்துப் பத்து நிமிடம் போராடினான்.

"எங்க டீம்ல இப்படித்தான் காலைச் சூடு பண்ணுவோம்" என்றான்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஏமாளிக் கூட்டம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். மறுநாள் காலையில் காதுவலி வந்தது. ஸ்கீயிலிருந்து தப்பினான்.

அடுத்த வருடம் பல். அதற்கடுத்து கழுத்துப் பிடிப்பு. பிறகு சைனஸ், சுளுக்கு, பனி வெளிச்சத்தில் கண் கூச்சம். போன வருடம் கெட்டுப்போன சிப்பி சூப். பதினாறு குளிர்காலம், பதினாறு சாக்கு. ஒன்றைக்கூட இரண்டாம் முறை உபயோகித்ததில்லை. கலைஞனுக்கு அதில் ஒரு கௌரவம் உண்டு.

ஊரே பனியில் விழுந்து புரள, அவன் மட்டும் கணப்பு அருகே கால்நீட்டி, சூடான கோக்கோ குடிப்பான். நோயாளி என்பதால் பாத்திரம் தேய்க்கும் வேலையும் இல்லை. அது பெரிய வேலை. மரவீட்டில் குழாய் உறைந்து கிடக்கும்; அடுப்பில் பனியை உருக்கித்தான் கழுவ வேண்டும். குடும்பத்தில் யாராவது ஒருவர் மட்டும் சாய்வு நாற்காலியில் ஜாலியாக உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் வாரம் முழுக்கத் தேய்ப்பார்கள். போன வருடம் உட்கார்ந்தவர் மாமியார். முந்தைய வருடம் மச்சான் கர்ட். முறை வைத்துக்கொள்கிறார்கள் போலும். சில வருடங்களில் அடிவாரத்துக் கடைக்காரர்கள்கூட வந்து கூடமாட தேய்த்துவிட்டுப் போனார்கள். மலை ஜனங்கள் நல்லவர்கள். கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்.

ஆனால் இந்தத் தடவை கிழவர் சத்தியம் செய்துவிட்டாரே? படுத்துக்கொண்டால் எழுந்திருக்கும்வரை காத்திருப்பாராமே? பந்தயம் நடந்தால் பதினாறு வருடப் புளுகு, பத்தே விநாடியில், குடும்பமே பார்க்க, பனியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு விழும். மார்னி அந்தப் புன்னகையைப் பற்றி மறுபடி யோசிப்பாள்.

"மார்னி, இந்த வருஷம் டூர் பிளான் முழுக்க நான் போடறேன்" என்றான்.

"நீயா? தலையில குதிரை ஏதாவது உதைச்சுதா?"

"மாமாவுக்கு எழுபது. ஒரு மருமகன் இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

மூன்று நாளில் கம்ப்யூட்டரில் ஏழு வண்ணத்தில் ஒரு அட்டவணை தயாரானது. சனிக்கிழமை காலைக் கட்டத்தில், பச்சை நிறத்தில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்: 'ஸ்னோஷூ நடை. குடும்பம் முழுவதும். ஐந்து மணி நேரம்.' காலில் அகலச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு, பனியில் புதையாமல் வாத்து மாதிரி நடப்பதற்கு எந்த அணியிலும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஐந்து மணி நேரம் நடந்தபின் எழுபது வயதுக்காரர் பந்தயம் பற்றிப் பேசுவாரா? தூங்குவார்.

அனுப்பிய அரைமணியில் கர்ட் போன் செய்தான். "மாப்ளே! உன் மூளையே மூளை!"

"ஏதோ தோணிச்சு."

"ஸ்னோஷூ போட்டு உச்சிக்கு ஏறிடுவோம். அங்கேர்ந்து பந்தயம் ஆரம்பிச்சு ஸ்கீல இறங்குவோம்! பலகை, பூட்ஸ் எல்லாத்தையும் காலையிலேயே மலை லிஃப்ட்ல மேல அனுப்பிடறேன். அப்பா கேட்டுட்டு அழுதுட்டாரு, தெரியுமா? பழைய காலத்துல லிஃப்ட் இல்லாதப்ப இப்படித்தானாம்."

வெண்டெல் நெற்றியைத் துடைத்தான். முன்பாவது லிஃப்ட் வரிசையில் நழுவியிருக்கலாம். இப்போது தூக்குமேடைக்குத் தானே நடந்து ஏற வேண்டும். அதுவும் ஐந்து மணி நேரம்.

"ஆமா, கணுக்கால் எப்படி இருக்கு?" என்றான் கர்ட் திடீரென்று.

"கணுக்காலுக்கு என்ன?"

"சும்மா கேட்டேன். வலிச்சா மறைக்காத, மாப்ளே. உடனே சொல்லிடணும். கணுக்கால்னு தெளிவா சொல்லணும்."

பாவம், என்ன பாசம் என்று வெண்டெல் நினைத்துக்கொண்டான்.

அடுத்த வழி, பூட்ஸ். வாடகைக்கு ஸ்கீ எடுக்க முன்கூட்டியே படிவம் நிரப்ப வேண்டும்: உயரம், எடை, காலணி அளவு, எந்த ரகச் சறுக்காளர். வெண்டெலின் கால் பத்து. அவன் பதினாறு என்று எழுதினான். அந்த அளவில் பூட்ஸ் எந்த மலையிலும் இருக்காது. கடைக்காரன் கையை விரிப்பான். இவன், "அடடா, ஒரு தடவை பறக்கலாம்னு பார்த்தேனே" என்று பெருமூச்சு விடுவான். ரகம் என்ற இடத்தில் மட்டும், பழைய கௌரவத்துக்காக, 'மூன்றாம் ரகம், அதிவேகம்' என்று போட்டான். எப்படியும் சறுக்கப்போவதில்லையே?

அந்த வாரம் முழுக்க வீட்டில் அன்பு மழை. மார்னி ராத்திரி சாப்பாட்டின்போது முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ரொம்ப நேரம் உக்கார்ந்து பிளான் போட்டியே, முதுகு பிடிச்சுக்கிச்சா? கீழ் முதுகு? நல்லா யோசிச்சுச் சொல்லு."

மாமியார் ஜூடித் தினமும் போன் செய்தாள். "வயிறு சௌக்கியமா? பீன்ஸ் நிறையப் போட்டு சில்லி பண்றேன். உனக்கு ஒத்துக்காதுன்னா சொல்லிடு. ஒத்துக்காதுதானே?"

பதினான்கு வயது மகள் டெஸ், தன் கால்பந்து முழங்கால் பட்டையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். "அப்பா, இதை வெச்சுக்கோ. உன் இடது முழங்கால்ல கடகடன்னு சத்தம் வருது. எனக்குக் கேக்குது."

"எனக்குக் கேக்கலியே?"

"உனக்கு எப்பவுமே எதுவும் கேக்காதுப்பா."

குழந்தைக்கு எத்தனை அக்கறை! முழங்கால். இதுவரை உபயோகிக்காத அவயவம். வெண்டெல் அன்றிலிருந்தே படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடி முன் இடதுகாலை இழுத்து நடந்து பழகினான். பூட்ஸ் திட்டம் பிசகினால் கைவசம் ஒன்று இருக்கட்டும்.

பிசகியது.

வெள்ளிக்கிழமை ஹாரோ மலையடிவாரத்தில் வாடகைக் கடைக்குள் நுழைந்ததும், கவுன்டருக்குப் பின்னால் இருந்த லோர்னா இரு கைகளாலும் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தாள். வாட்டசாட்டமான பெண். வாரநாளில் கடை, வாரக்கடைசியில் மலை மீட்புப் படை. மார்னியின் குடும்பத்துக்குப் பல வருடப் பழக்கம்.

"பதினாறு! மூணு ஊர் தேடினேன். கடைசியில ஒரு ரிட்டயரான கூடைப்பந்துக்காரர் குடுத்தார். தன் கால் அளவுல இன்னொரு மனுஷன் இருக்கான்னு கேட்டதும் கண்கலங்கிட்டார். லெட்டர்கூட எழுதி உள்ள வெச்சிருக்கார்."

பெட்டிக்குள் இரண்டு சிவப்புத் தோணிகள் கிடந்தன.

"பிரமாதம்" என்றான் வெண்டெல். குரல் எங்கிருந்தோ வந்தது.

"மூணாம் ரகம்னு போட்டிருந்தீங்க. அதனால பலகையில பூட்டை நல்லா இறுக்கிட்டேன். நீங்க விழுந்தாலும் பலகை கழலாது."

"கழலவே கழலாதா?"

"வேகமா போறவங்களுக்குப் பாதி வழியில கழண்டா கோவம் வருமே!" அவள் கவுன்டரில் சாய்ந்து, அவனை உச்சி முதல் பாதம்வரை அளந்தாள். "ஆமா, தோள்பட்டை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்படியா" என்றாள் லோர்னா. அவள் முகம் வாடியது. கடைக்காரிக்குக்கூட என்மேல் இவ்வளவு கரிசனமா என்று வெண்டெல் வியந்தான்.

சனிக்கிழமை காலை பூஜ்யத்துக்கும் கீழே குளிர். அப்பளம் போல் மேலே மொறுமொறுப்பும், கீழே மாவு மாதிரிப் பொலபொலப்புமாகப் பனி. குடும்பம் வரிசையாக ஏறியது. எழுபது வயது ஆர்லன் ஊதல் ஊதிக்கொண்டு முன்னால் போனார். பின்னால் கர்ட், ஜூடித், மார்னி, டெஸ். கடைசியில் வெண்டெல், தான் போட்ட அட்டவணையைத் தானே சபித்துக்கொண்டு.

"மாப்பிள்ளை! பழைய டீம் பாட்டு ஏதாவது பாடுங்களேன்!"

"மூச்சைச் சேமிக்கறேன், மாமா!"

"கேட்டீங்களா? வீரன் பேசற பேச்சு!"

முன்னால் போனவர்களின் தோள்கள் குலுங்கின. குளிர் என்று நினைத்தான்.

உச்சிக்குக் கால்மணி நேர நடை இருக்கும்போது இடத்தைத் தேர்ந்துகொண்டான். பாதை வளையும் இடம். ஓரத்தில் இடுப்பளவு ஊசியிலைக் கன்று ஒன்று, பஞ்சு மெத்தை மாதிரிப் பனிக்கு நடுவே தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் மெதுவாக, வலிக்காமல் சாய வேண்டியது. முழங்காலைப் பிடிக்க வேண்டியது. அலற வேண்டியது. சாட்சிகள் ஐந்து பேர். மலைமேலேயே அடிபட்டவனைச் செவ்வாய்க்கிழமை பந்தயத்துக்கு யாரும் கூப்பிட முடியாது.

ஒரு அடி ஒதுங்கினான். மெதுவாகச் சாய்ந்தான்.

மலையில் பிறந்த குழந்தைக்குத் தெரிந்த விஷயம் ஒன்று வெண்டெலுக்குத் தெரியாது. பனிக்காலத்தில் ஊசியிலைக் கன்றின் பக்கத்தில் யாரும் போக மாட்டார்கள். அது கன்று இல்லை. முழு மரத்தின் நுனி. கிளைகளுக்கு அடியில் பனி இறங்காமல் வெற்றுக் குழியாக இருக்கும்.

"ஐயோ!" என்ற சத்தம் மட்டும் மேலே நின்றது. வெண்டெல் மார்பளவுக்குக் கீழே போயிருந்தான். ஒரு ஸ்னோஷூ கிளையில் சிக்க, கணுக்கால் சடக்கென்று திருகியது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, அவன் அலறல் நிஜமாக இருந்தது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். கர்ட்டும் மார்னியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து, மூட்டையைப் போலப் பாதையில் போட்டார்கள். ஜூடித் போனில் மீட்புப் படையைக் கூப்பிட்டாள். பிறகு ஐந்து முகங்களும் ஒரு வட்டமாக அவன்மேல் குனிந்தன.

"எங்க வலி? முதுகா?" மார்னி அவன் கையைப் பற்றினாள். "முதுகுதானே? சொல்லு, கண்ணு."

"வயித்தைப் பிசையுதா?" என்றாள் ஜூடித். "விழுந்ததுல குடல் குலுங்கியிருக்கும்."

"கணுக்கால்! கால் எப்படித் திரும்பியிருக்கு பாரு!" கர்ட் கிட்டத்தட்டத் துள்ளினான். "கணுக்கால்தானே மாப்ளே? கணுக்காலேதான்!"

"கர்ட்! அவர் வாயில வார்த்தையைத் திணிக்காத!" என்று ஆர்லன் அதட்டினார். கையுறையைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்தார். "மாப்பிள்ளை, நிதானமா, சுய நினைவோட சொல்லுங்க. எந்த இடம்? ஒரே ஒரு இடம்தான்."

வலித்தது கணுக்கால். உயிர் போகிற மாதிரி வலித்தது. ஆனால் பல நாளாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தது முழங்கால். வட்டத்தின் ஓரத்தில் டெஸ் இரண்டு கைகளையும் வாயில் பொத்திக்கொண்டு, கண்ணீர் ததும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பட்டையை அப்பா மதிக்கிறாரா என்று அந்தக் கண்கள் கேட்பதுபோல் இருந்தது. தவிர, கலைஞன் மேடையேறிய பின் வசனத்தை மாற்றுவதில்லை.

"முழங்கால்" என்று முனகினான். "இடது."

டெஸ் வீல் என்று கத்திக்கொண்டு அவன்மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். "அப்பா! அப்பா! என் தங்க அப்பா!"

மார்னி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். ஜூடித் தொப்பென்று பனியில் உட்கார்ந்தாள். கர்ட் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தான். "கால் கோணலா இருக்கேப்பா! கண்ணால பாருங்களேன்! அப்பீல் பண்றேன்!"

"சொன்னது சொன்னதுதான்" என்று ஆர்லன் நோட்டை மூடினார்.

வெண்டெல் நெகிழ்ந்துபோனான். தன் ஒரு முழங்காலுக்காக ஒரு குடும்பமே இப்படித் துடிக்குமா? இவர்களைப் போய்ப் பதினாறு வருடமாக ஏமாற்றினோமே என்று ஒரு கணம் வெட்கமாகக்கூட இருந்தது. ஒரு கணம்தான். அடுத்த கணம், பந்தயம் ஒழிந்தது, சட்டை மானம் தப்பியது, அடுத்த பிப்ரவரி வரை கவலை இல்லை என்ற நிம்மதி கோக்கோ மாதிரி உள்ளே இறங்கியது.

மீட்புச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு லோர்னா வந்து சேர்ந்தாள். அவனைத் தூக்கிக் கிடத்தி, கம்பளியால் மூக்குவரை சுற்றி, வார்களால் இறுக்கிக் கட்டினாள். கடைசியாகத் தலைக்குமேல் தார்ப்பாயையும் இழுத்துவிட்டாள். உள்ளே கதகதப்பான இருட்டு. வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. வாழ்க்கையில் முதல் முறையாக ஹாரோ மலையில் தான் சறுக்கிக்கொண்டிருக்கிறோம் என்று வெண்டெலுக்குத் தோன்ற, தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தார்ப்பாய்க்குள் தனியாகச் சிரித்துக்கொண்டான்.

பாதி வழியில் வண்டி நின்றது. லோர்னாவின் தோளில் தொங்கிய வயர்லெஸ் கரகரத்தது.

"லோர்னா, அடிவாரத்துலேர்ந்து டக் பேசறேன். லிஃப்ட்காரங்க, சமையல்காரங்க எல்லாரும் இங்கதான் காத்துக்கிட்டு நிக்கறோம். என்ன ஆச்சு?"

அவள் பெருமூச்சு விடும் சத்தம் தார்ப்பாய்க்குள் தெளிவாகக் கேட்டது.

"இந்த வருஷச் சாக்கு முழங்கால், டக். பந்தயம் கட்டினதுல டெஸ் பொண்ணு ஜெயிச்சிட்டா. ஏப்ரனை எடுத்துக்கிட்டு சாயங்காலம் எல்லாரும் மரவீட்டுக்கு வந்துடுங்க, வாரம் பூரா பாத்திரம் நம்ம தலையிலதான்."